எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்

"இவ்வளவு கொடுத்தும் ஏழை ஏன் இன்னும் ஏழையாகவே இருக்கிறார்?" நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர்கள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்பதில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறார்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் காலையிலும் மதியத்திலும் சோறு போடுகிறார்கள். தெருவுக்குத் தெரு அங்கன்வாடி இருக்கிறது. குடிசையை இழந்தவருக்கு அடுக்குமாடியில் வீடு ஒதுக்குகிறார்கள். இதற்கு மேல் என்ன குறை என்பது அவர்கள் கணக்கு. எழுபதைத் தாண்டிய நான், அப்படி ஒரு திட்டத்தின் கடைசிப் படியில் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த உரிமையில் அவர்களுக்கு ஒரு பதில் சொல்லிவிட நினைக்கிறேன்.

ஏழையிடம் காசு குறைவு என்பது ஊரறிந்த விஷயம். காசைவிடக் குறைவாக அவரிடம் இருப்பது நேரம். சத்தான உணவும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், குடியிருக்க ஒரு வீடும் அவர் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். அவர் வேலைக்குப் போய்வருகிற நேரத்துக்கும் ஒத்துவர வேண்டும். அப்போதுதான் அவை அவருக்குப் பயன்படும். கிணற்றில் தண்ணீர் தளும்பினாலும் கயிறு எட்டாவிட்டால் குடம் நிறையாது. நம் நாட்டில் பல நல்ல திட்டங்களுக்குக் கயிறு இன்னும் ஒரு முழம் போதவில்லை. நான் கண்டதெல்லாம் இதுதான்.

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளிப் பிள்ளைகளோடு, இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் சேர்த்து வந்த திட்டம் அது. அதற்காக ஊர் ஊராகக் குழந்தைகள் மையங்கள் திறந்தார்கள். அமைப்பாளர் ஒருவர், சமையலுக்கு ஒருவர், உதவிக்கு ஓர் ஆயா என்று வேலைக்கு ஆள் எடுத்தார்கள். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தந்தார்கள். கைக்குழந்தையோடு கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்த எனக்கும் அப்படித்தான் ஒரு கிராமத்து மையத்தில் வேலை கிடைத்தது. ஊர் வாயில் நான் 'பால்வாடி டீச்சர்' ஆனேன்.

அந்த ஊரில் மையம் வருவதற்கு முன்னால் ஒரு காட்சி தினமும் உண்டு. காலையில் தாய்மார்கள் நாற்று நடவோ களையெடுக்கவோ போய்விடுவார்கள். ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை இடுப்பில் தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நிற்கும். உள்ளே வாத்தியார் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது வெளியே கேட்கும். இடுப்புப் பிள்ளை அழுதால், அதை ஆட்டிக்கொண்டே அந்தப் பெண்ணும் கூடவே முணுமுணுக்கும். பள்ளி வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்காது. மையம் திறந்தபின் அதே பெண்பிள்ளைகள் காலையில் ஓட்டமாய் வந்து குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, பாவாடையை உதறிக்கொண்டு பள்ளிக்கு ஓடினார்கள். தம்பிக்காக வைத்த சோறு அக்காவைப் பள்ளிக்கூடத்துக்குள் அனுப்பியது. அரசாணையில் அப்படி ஒரு வரி இருந்ததாக எனக்கு நினைவில்லை. மையம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் நடந்தது அது. ஊருக்கு வெளியே ஒரு மைல் தள்ளிக் கட்டியிருந்தால் அந்தப் பெண்களில் பாதிப் பேர் மரத்தடியிலேயே நின்றிருப்பார்கள்.

சோற்றுப் பானையும் எனக்குப் பாடம் சொல்லித் தந்தது. மற்ற நாட்களில் குழந்தைகள் விளையாட்டுப் புத்தியில் தட்டில் கொஞ்சம் மீதி வைப்பார்கள். விடுமுறை முடிந்து மையம் திறக்கும் நாளில் ஒரு பருக்கை மிஞ்சாது. ஆயா அடிச்சோற்றையும் சுரண்டிப் போடுவார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, அன்றைய தட்டுகளே சொல்லிவிடும்.

பள்ளியில் சோறு போட்டால் பிள்ளை வரும் என்பதை இந்த மண் வெகு முன்பே கண்டுகொண்டது. 1920-ல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. 1956-ல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலுவின் உழைப்பில், அது ஊர்ப்புறப் பள்ளிகளுக்குப் போனது. எட்டயபுரத்தில் அதைத் தொடங்கினார்கள். 1982-ல் சத்துணவு. 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, 2010-ல் அது பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்று வளர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஆட்சிகள் மாறினாலும் இலையை யாரும் எடுக்கவில்லை. வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு பதார்த்தம் கூட வைத்தார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய தொடர்ச்சி.

காலை உணவுக்கு ஏன் நூறாண்டு ஆயிற்று என்று யோசித்திருக்கிறேன். மதியம் சோறு இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஆனால் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற தாய் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறாள். பிள்ளை டீத்தண்ணியோடு பள்ளிக்கு வருகிறது. முதல் இரண்டு பாடவேளை அதற்குக் காதில் ஏறுவதில்லை. அந்த வீட்டில் அரிசி இல்லாமல் இல்லை, அதைப் பொங்கி இறக்க ஒரு மணி நேரம்தான் இல்லை. ரவா உப்புமாவும் கிச்சடியும் வெண்பொங்கலும் காய்கறி சாம்பாரும் பள்ளியிலேயே தயாராக இருந்தபோது, அந்த ஒரு மணி நேரத்தை அரசு அந்தத் தாய்க்குக் கொடுத்தது. ஏழையின் நேரத்தைப் புரிந்துகொண்டு செய்த உதவி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

வயிறு நிறைவதும் உடம்பு தேறுவதும் வேறு வேறு. தமிழ்நாட்டில் ரேஷன் கடை எல்லோருக்கும் பொது. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையே இல்லை. பட்டினிச் சாவு என்ற பேச்சு நம் ஊர்களில் அடங்கியதற்கு இது பெரிய காரணம். ஆனால் 2019–21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்த மாநிலத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கும் அதே கதி. சோறு இருக்கிறது. சோற்றோடு சேர வேண்டிய பருப்பும் கீரையும் முட்டையும் பழமும் போதவில்லை.

'கீரை என்ன விலை, அதைக்கூட வாங்க முடியாதா' என்று கேட்பவர்கள் கீரை வாங்கும் வேளையை நினைப்பதில்லை. கீரை காலையில் வரும். அப்போது கூலி வேலைக்குப் போகிற தாய் பேருந்தில் இருக்கிறாள். சாயங்காலம் திரும்பும்போது வாடிய கட்டுதான் மிச்சம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் வாரத்துக்குச் சேர்த்து வாங்கிவைக்க வழியில்லை. அன்றாடக் கூலியில் அன்றாடம் கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்கும்போது மூட்டையாய் வாங்குபவரைவிட விலையும் அதிகம் கொடுக்கிறாள். கீரை ஆய்ந்து அலசி அரிய அரை மணி நேரம் பிடிக்கும். அதே தெருவில், பெட்டிக்கடை வாசலில், ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள் சரமாய்த் தொங்குகின்றன. காலை ஆறு மணிக்கும் கிடைக்கும், இரவு பத்து மணிக்கும் கிடைக்கும். அழுகிற பிள்ளைக்கு அதைப் பிரித்துக் கொடுக்க ஒரு நொடி போதும். பொட்டலம் ஜெயிப்பது ருசியால் மட்டும் அல்ல, பக்கத்தில் இருப்பதாலும்தான். தாயைத் திட்டி இதை மாற்ற முடியாது. நல்லதையும் அதே அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் மாறும்.

அப்படி வைத்துக் காட்டிய முன்மாதிரிகள் நம்மிடமே உண்டு. 2007 முதல் ரேஷன் கடையில் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். பருப்பு கிலோ 30 ரூபாய், எண்ணெய் லிட்டர் 25 ரூபாய். ரசத்தில் பருப்பைத் தேடவேண்டியிருந்த வீடுகளில் குழம்பு கெட்டியாயிற்று. 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில் சென்னையில் திறந்த அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைத்தார்கள். மூட்டை தூக்குபவரும், ஆட்டோ ஓட்டுபவரும், பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்தவரும் கூச்சமில்லாமல் நின்று சாப்பிட்டார்கள். 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் ஏற்பாடு வந்தது. கேழ்வரகு அந்த மலையிலும் அந்த வறண்ட நிலத்திலும் வழிவழியாய்த் தின்ற தானியம். நல்லுணவுக்காக மக்கள் தங்கள் நாக்கை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் நாக்கு அறிந்த நல்லுணவைக் கடைக்குக் கொண்டுவந்தால் போதும்.

அடுத்தது பிள்ளை. இந்த நாட்டின் அங்கன்வாடிகளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் சிந்தனை இருக்கிறது. குழந்தைக் கல்வியில் ஊறிய மினா சுவாமிநாதன் தலைமையில் 1970களின் தொடக்கத்தில் ஒரு குழு, பள்ளிப் பருவத்துக்கு முந்தைய குழந்தைகளின் நிலையை ஆராய்ந்தது. உணவு, உடல்நலம், விளையாட்டோடு கூடிய கல்வி மூன்றும் குழந்தைக்கு ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. சத்துமாவும் முட்டையும் எடை பார்ப்பதும் தடுப்பூசியும் அங்கே நடக்கின்றன.

1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று வந்தது. அதன் பணியாளர்கள் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் கோடு வரைந்தார்கள். குழந்தை நலிந்து எலும்பும் தோலுமாகும்வரை காத்திருக்கவில்லை. எடை ஏறாமல் நின்றாலே அந்தக் குழந்தைக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள், எடை ஏறியதும் நிறுத்தினார்கள். அட்டையில் மேலே ஏறும் கோட்டைத் தாய்க்குக் காட்டி, "பாரும்மா, உன் புள்ள ஏறுது" என்று சொல்லும்போது அவள் முகத்தில் வரும் மலர்ச்சியை நானும் என் மையத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அந்தக் கோட்டைப் படித்துவிடுவாள்.

எனக்கு இருந்த ஒரே மனக்குறை கடிகாரம். மையம் சாயங்காலத்துக்கு முன்பே மூடிவிடும், தாய் திரும்ப இருட்டிவிடும். கிராமத்தில் அந்த இடைவெளியைப் பாட்டியும் திண்ணையும் சமாளித்தார்கள். நகரத்தில் கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு அந்த வசதி இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையை நாள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இன்னும் மிகக் குறைவு. சட்டம் இதை நினைக்காமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலைத் தலத்துக்கு ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ தாயோடு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. இத்தனை சட்டத்திலும் விடுபட்டவள் ஒருத்தி. நம் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறவள். நான்கு வீட்டில் வேலை செய்கிற அவளுக்கு எந்த வீடும் நிறுவனம் இல்லை. அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை.

ஓய்வுக்குப் பிறகு மகனோடு சென்னைக்கு வந்தபோது அப்படி ஒரு பெண்ணை நெருங்கி அறிந்தேன். ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்து வளர்ந்தவள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நகரத்துக்குத் தெற்கே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் அவள் குடும்பத்துக்கு வீடு ஒதுக்கினார்கள். புது வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வீடு நல்லாத்தான் இருக்குதும்மா. கதவு இருக்குது, தாப்பா இருக்குது, கக்கூசு உள்ளாறயே இருக்குது. மழை பேஞ்சா பயம் இல்ல," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "புள்ளய விடத்தாம்மா ஆள் இல்ல. அங்க பக்கத்து வூட்டு ஆயா பாத்துக்கும். நான் ஓடிப் போயி வேல செஞ்சிட்டு ஓடியாந்துருவேன். இங்க யாரு மூஞ்சியும் தெரியல. போறதுக்கே ரெண்டு பஸ்ஸு," என்றாள்.

"அப்போ சின்னவன எங்க விடுற கண்ணு?"

"பெரியவ பாத்துக்கிறாம்மா."

பெரியவளுக்கு ஒன்பது வயது. எந்த மரத்தடிப் பெண்பிள்ளையை எங்கள் மையங்கள் பள்ளிக்கு அனுப்பினவோ, அவளே ஏழாவது மாடியில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்யவில்லை. வெள்ளத்தில் அடித்துப் போகிற கரையிலேயே அவர்கள் கிடக்கட்டும் என்று மனசாட்சி உள்ள எவரும் சொல்ல மாட்டார். உயிரைக் காக்க வீடு கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குடிசை அவளுக்குக் கூரை மட்டுமாக இருக்கவில்லை. வேலைக்கு நடந்து போகும் தூரம், கடன் எழுதித் தரும் மளிகைக்கடை, பிள்ளையைத் தெரிந்த பள்ளிக்கூடம், காய்ச்சல் என்றால் ஓடிப்போகும் ஆஸ்பத்திரி, பக்கத்து வீட்டு ஆயாவின் மடி எல்லாம் அதற்குள் இருந்தன. வீட்டுக்குப் பதில் வீடு கொடுத்தோம். மற்றவற்றுக்குப் பதில் எதுவும் கொடுக்கவில்லை.

சென்னைக்கு இது தெரியாத பாடமும் இல்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயோ அதற்கு அருகிலேயோ மாடிக் குடியிருப்பு கட்டுவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. பல குப்பங்களில் மீனவக் குடும்பங்கள் கடலைப் பார்த்தபடியே மாடி ஏறின. நிலத்தின் விலை ஏற ஏற, 2000-ஐ ஒட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான வீடுகள் நகரத்தின் ஓரத்தில் எழுந்தன. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி மக்கள் குடியேறினார்கள். படிப்பு ஆண்டின் நடுவில் இடம் மாறிய பிள்ளைகளில் பலர் பள்ளியை விட்டே நின்றார்கள். பெண்கள் பழைய வேலையை இழந்தார்கள். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, பேருந்து எல்லாம் வந்தன, ஆனால் வீட்டுக்குப் பிறகு வந்தன. ஓராண்டு தாமதம் என்பது அலுவலகத்துக்கு ஒரு நிதியாண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது அதன் வாழ்நாளில் பாதி.

அந்தக் குடியிருப்புகளை இழிவாகப் பேசுவதை நான் பொறுப்பதில்லை. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணியோடு தங்கம் வென்று வந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆடுகளமும் சொல்லிக் கொடுக்க ஆளும் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தால் அங்கிருந்து ஆசியாவையே வெல்லலாம் என்று அந்தப் பெண் காட்டிவிட்டாள். களத்துக்குச் சொன்னது காப்பகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் பொருந்தும்.

வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியிருக்கிறது. பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் திரும்பக் கட்டும் வேலைகளும் நடக்கின்றன, நல்லது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஓரத்தில் குடியேறிய பெண்களுக்கு அது எத்தகைய ஆறுதல் என்பது விடியற்காலைப் பேருந்தில் ஒருமுறை போய்ப் பார்த்தால் தெரியும். பஸ் காசுக்குப் போனது இப்போது பிள்ளைக்குப் பழமாகவும் பாலாகவும் வருகிறது என்று அந்த ஏழாவது மாடிப் பெண்ணே என்னிடம் சொன்னாள். போக்குவரத்துத் துறை செய்த ஒரு காரியம் சமையலறைக்குள் போய்ச் சேர்ந்தது.

உணவு ஒரு துறை, குழந்தை ஒரு துறை, வீடு ஒரு துறை, பேருந்து ஒரு துறை. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி விண்ணப்பம், தனி வரிசை. ஆனால் எல்லாம் வந்து சேர்வது ஒரே பெண்ணிடம். நான்கு வரிசையில் நிற்க அவளுக்கு நான்கு நாள் கூலி போகிறது. ஒன்றில் ஏற்பட்ட குறையை இன்னொன்று ஈடுகட்ட முடியாது. பிள்ளையை விட இடமில்லாவிட்டால் வேலை போகும். வேலை போனால் வீட்டுக்குக் கட்ட வேண்டியது நிற்கும். கையில் காசு இல்லாதபோது முதலில் குறைவது காய்கறி, அதிலும் முதலில் குறைவது அவள் தட்டில். பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்ற அந்த எண்ணுக்குள் இருப்பது இந்தக் கதைதான்.

ஆகவே திட்டம் வகுக்கிறவர்களிடம் நான் கேட்பது இது. புதுக் குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டும் முன்பு, அங்கே வாழப்போகிற ஒரு பெண்ணின் நாளைக் காலை நாலரையிலிருந்து இரவு பத்து வரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எங்கே வேலைக்குப் போவாள்? அப்போது பிள்ளை எங்கே இருக்கும்? மாலை ஏழு மணிக்குக் காய்கறி எங்கே கிடைக்கும்? ரேஷன் கடை அவளுக்கு லீவு இருக்கும் நாளில் திறந்திருக்குமா? நடக்க முடியாத மாமியார் எந்தத் தளத்தில் இருப்பார்? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு சாவியைக் கொடுங்கள். பிரிந்து வாழத் தெரியாத அக்கம்பக்கத்தவரைக் குலுக்கல் போட்டுச் சிதறடிக்காமல் ஒரே தளத்தில் வீடு ஒதுக்குங்கள். அதற்குச் செலவே கிடையாது. பக்கத்து வீட்டு ஆயாவைப் பக்கத்து வீட்டிலேயே வைத்தால் ஒரு காப்பகம் தானாக அமைந்துவிடும்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் என் போன்றவர்களும் செய்ய வேண்டியது உண்டு. வேலைக்கு வரும் பெண்ணிடம் அவள் பிள்ளை இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு அவள் வீடு சேர முடியும்படி வேலை நேரத்தை அரை மணி முன்பின் தள்ளிக்கொடுங்கள். நூறு, இருநூறு வீடுகள் உள்ள அடுக்ககங்களில் பிறந்தநாள் கொண்டாட ஒரு கூடம் கட்டிவைத்திருக்கிறோம். பெரும்பாலும் அது பூட்டியே கிடக்கிறது. அங்கே வேலை செய்கிற பெண்களின் குழந்தைகளுக்குப் பகலில் அதைத் திறந்துவிட்டு, பார்த்துக்கொள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால், வீட்டுக்கு ஆகும் செலவு மாதத்துக்கு ஒரு தடவை வெளியே டிபன் சாப்பிடும் காசுகூட வராது. ஓய்வு பெற்ற என் வயதுக்காரர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தெரு அங்கன்வாடிக்குள் ஒருநாள் போய்ப் பாருங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா, காய்கறி வாங்கக் கொடுக்கும் காசு விலைவாசிக்குக் கட்டுகிறதா என்று டீச்சரைக் கேளுங்கள். கேட்டதைக் கிராம சபையிலும் வார்டு கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்லுங்கள். தாய்மார்கள் சொன்னால் மனுவாகக் கிடக்கும். ஊர்ப் பெரியவர் நாலு பேர் சேர்ந்து சொன்னால் அதிகாரி வந்து பார்ப்பார். நம் நரைக்கு இன்னும் அந்த மதிப்பு இருக்கிறது, அதை நல்லதுக்குச் செலவிடுவோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால், முதலில் ஒன்றைச் செய்யலாம். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த பகுதிகளில் அங்கன்வாடியைக் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை திறந்து வைக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் அங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இருக்கிற டீச்சரையும் ஆயாவையும் பிழிந்து அதைச் செய்யக் கூடாது. இரண்டாவது ஷிப்டுக்குத் தனியாக ஆள் போட்டு, சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற குறைந்த சம்பளத்தில் இழுத்துக்கொண்டிராமல் முறையான சம்பளம் தர வேண்டும். அந்த வேலையையும் அந்தக் குடியிருப்புப் பெண்களுக்கே கொடுக்கலாம். பிள்ளை அங்கே மூன்று வேளையும் சாப்பிடும். பெரியவள் பள்ளிக்குப் போவாள். தாய் முழுநாள் கூலி வாங்குவாள், வீட்டுத் தவணையும் நிற்காது. இடம் இருக்கிறது, சமைக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன, நூறாண்டு அனுபவமும் இருக்கிறது. நேரத்தை மட்டும் நீட்டினால் போதும்.